அத்தியாயம் 6: அளந்து நம்புதல்

காதலில் ஏமாந்தவருக்கு அந்த ஆளின் மேல் நம்பிக்கை போகும். காதலின் பெயரால் ஆட்டிவைக்கப்பட்டவருக்கோ தன் மேலேயே நம்பிக்கை போய்விடுகிறது. "நான் பார்த்தது நிஜம்தானா, எனக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டதா?" என்ற கேள்வியோடு மாதக்கணக்கில் வாழ்ந்துவிட்டு வெளியே வருகிறார். அடுத்து ஒருவர் அன்பாகப் பேசினால், அது அன்பா, தூண்டிலா என்று அவரால் சொல்ல முடிவதில்லை. "இனிமேல் காதலே வேண்டாம்" என்று அவர் சொல்வதற்குள் "இன்னொரு முறை ஆளைத் தேர்ந்தெடுக்கும் தைரியம் எனக்கு இல்லை" என்பதும் இருக்கிறது.

இந்த அத்தியாயம் அந்தத் தைரியத்தைப் பற்றியது. மறுபடியும் காதலியுங்கள் என்று யாரையும் வற்புறுத்தப் போவதில்லை. தனியாக வாழ்வதும் நல்ல வாழ்க்கைதான். ஆனால் விரும்பித் தனித்திருப்பதும் பயந்து தனித்திருப்பதும் ஒன்றாகாது. இந்த இரண்டில் எதை வாழ்கிறோம் என்று முடிவு செய்யும் உரிமை உங்கள் கையில் இருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டுகளை ஏற்காட்டு மலையடிவாரத்தில், அரூர் சாலையில் இருக்கும் குப்பனூரிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். அவை எந்தத் தனி மனிதரின் கதையும் அல்ல. இப்படிப்பட்ட உறவுகளில் திரும்பத் திரும்ப வரும் சங்கதிகளைச் சேர்த்துச் சொல்பவை. குப்பனூரைப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. "எண்ணை பிளாக் செய்யுங்கள், அந்த ஆளை மறுபடி பார்க்காதீர்கள்" என்று பல புத்தகங்கள் சொல்கின்றன. சென்னையிலோ பெங்களூரிலோ அது நடக்கும். குப்பனூர் போன்ற ஊரில் சேலம் போக வேண்டுமானால் எல்லாரும் அயோத்தியாப்பட்டணம் வழியாகத்தான் போக வேண்டும். மலைமேல் வேலை என்றால் கொட்டச்சேடு சாலைதான். பிரிந்து வந்த ஆளும் நீங்களும் ஒரே நிறுத்தத்தில் பேருந்துக்கு நிற்பீர்கள். அவருடைய அத்தை உங்கள் தெருவில் குடியிருப்பார். ஊர் வாயை பிளாக் செய்ய முடியாது. அந்த நிலைமையில் இருப்பவருக்கும் பயன்பட வேண்டும் என்பதே இங்கே நோக்கம்.

நடந்தது என்ன

ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். வயது 24. சேலத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. தினமும் காலை நகரப் பேருந்தில் போகிறார். ஆரம்பத்தில் அவன் கேட்டது, "பத்திரமா ஏறிட்டியா கண்ணு?" என்பது. கேட்கவே இனித்தது. சில வாரங்களில் அது, "எந்த பஸ்ஸு? டிக்கெட்ட போட்டோ எடுத்து அனுப்பு" என்றாகிறது. மகளிருக்குத் தரும் கட்டணமில்லாப் பயணச்சீட்டை அவர் தினமும் கைபேசியில் படம் எடுத்து அனுப்புகிறார். ஒரு நாள் பேருந்து தாமதம். படம் பத்து நிமிடம் கழித்துப் போகிறது. பதில் இல்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் அழுகையும் மன்னிப்பும் ஒரு சுடிதாரும் வருகின்றன. "உம்மேல உசுரா இருக்கறதாலதான கோவம் வருது?"

பிறகு சிநேகிதி மேல் குறை. "அவ உன்னக் கெடுக்குறா." பிறகு கடவுச்சொல். "மறைக்க ஒண்ணுமில்லன்னா குடுக்க வேண்டியதுதான?" பிறகு அவனுடைய கடனுக்காக இவருடைய செயினும் கம்மலும் அடகுக்கடைக்குப் போகின்றன. மீட்டுத் தரச் சொன்னால், "நான் எப்பக் கேட்டேன்? நீயாத்தான கழட்டிக் குடுத்தே?" பிரியலாம் என்றால், "நீ போனா நான் செத்துருவேன்."

இதில் நான்கு வேலைகள் நடந்திருக்கின்றன: கண்காணிப்பது, துணையிருப்பவர்களிடமிருந்து பிரிப்பது, நடந்ததை இல்லையென்று சாதிப்பது, அன்பை விட்டுவிட்டுக் கொடுப்பது. முதல் மூன்றையும் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சுலபமாகக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆளைக் கட்டிப்போடுவது நான்காவது.

அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னரும் சார்லஸ் ஃபெர்ஸ்டரும் புறாக்களை வைத்துச் செய்த ஆய்வுகளை 1957-இல் வெளியிட்டார்கள். கொத்தும்போதெல்லாம் தீனி கிடைத்துவந்த புறா, தீனி நின்றதும் கொஞ்ச நேரத்தில் கொத்துவதை விட்டுவிடும். எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் விட்டுவிட்டுத் தீனி கிடைத்த புறாவோ, தீனி அடியோடு நின்ற பிறகும் நெடுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும். மனித மனமும் இந்த விஷயத்தில் பெரிதாக வேறுபடுவதில்லை. எப்போதும் கொடுமை செய்பவரை விட்டு விலகுவது எளிது. இரண்டு நாள் மௌனத்துக்குப் பிறகு ஒரு நாள் தேனாக இருப்பவரைத்தான் மனம் விடமாட்டேன் என்கிறது.

கனடாவில் டொனால்ட் டட்டன், சூசன் பெய்ன்டர் இருவரும் கொடுமை நிறைந்த உறவிலிருந்து அண்மையில் வெளியேறிய 75 பெண்களைப் பற்றிய ஆய்வை 1993-இல் வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்து அளந்தபோது, முன்னாள் துணையின் மேலிருந்த பிணைப்பு ஏறக்குறைய 27 விழுக்காடுதான் குறைந்திருந்தது. அடியும் வசவும் பட்டு வெளியே வந்தவர்களுக்கே ஆறு மாதத்தில் கால்வாசிதான் அறுகிறது என்றால், நான்காம் மாதத்திலும் அவன் குரலைக் கேட்க ஏங்குகிற நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஏக்கம் இருப்பதால் அவன் நல்லவன் என்று ஆகிவிடாது. அப்படிப் பழக்கப்படுத்தப்பட்ட மனம் அப்படித்தான் ஏங்கும்.

தப்பு யாருடையது

"படிச்ச புள்ள, உனக்கு எங்க போச்சு புத்தி?" என்று கேட்காத வீடு இல்லை. படிப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சமூக வலைத்தளங்கள் வழியாகப் பெண்களுடன் பழகி, படங்களைக் காட்டி மிரட்டிய நாகர்கோவில் இளைஞன் 2020 ஏப்ரலில் கைதானபோது, துணிந்து புகார் கொடுத்தவர் ஒரு பெண் மருத்துவர். 2023 ஜூனில் நாகர்கோவில் மகளிர் நீதிமன்றம் அவனுக்குச் சாகும்வரை சிறைத் தண்டனை விதித்தது.

பொள்ளாச்சி வழக்கிலும் வழி அதுவே. நட்பாகப் பழகி, நம்பவைத்து, தனியே வரவழைத்து, படம் எடுத்து மிரட்டினார்கள். 2019 பிப்ரவரியில் ஒரு பெண் புகார் கொடுத்தார். 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை விதித்து, பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடும் வழங்கச் சொன்னது. அரசுத் தரப்புச் சாட்சிகள் 48 பேரில் ஒருவர்கூடப் பிறழவில்லை. "நீ ஏன் நம்பினாய்?" என்ற கேள்வியோடு ஆறு வருடம் ஊரைத் தாங்கியவர்கள், நீதிமன்றத்தில் சொன்ன சொல்லில் நின்றார்கள். நம்பியது குற்றமல்ல; நம்பிக்கையைக் கருவியாக்கியதுதான் குற்றம் என்று அந்தத் தீர்ப்பு ஊருக்குச் சொன்னது.

உங்கள் உறவு நீதிமன்றம் வரை போக வேண்டியதாக இல்லாமல் இருக்கலாம். யாருடைய கணக்கில் தப்பை எழுதுவது என்ற விதி மாறாது.

முதலில் பாதுகாப்பு

மனதைச் சரிசெய்யும் வேலை இதற்குப் பிறகுதான். இன்னும் அந்த உறவுக்குள்ளேயே இருப்பவர்களும் இந்தப் பகுதியைப் படித்துக்கொள்ளுங்கள்.

1. கைபேசி, மின்னஞ்சல், இன்ஸ்டாகிராம், ஜி-பே எல்லாவற்றுக்கும் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" என்ற இடத்தைத் திறந்து, தெரியாத கணினி இருந்தால் வெளியேற்றுங்கள். இருப்பிடப் பகிர்வை நிறுத்துங்கள்.

2. ஆத்திரத்தில் பழைய உரையாடல்களை அழிக்காதீர்கள். மிரட்டல், பணம் கேட்டது, அடகு பற்றிப் பேசியது ஆகியவற்றைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நம்பகமான ஒருவரிடம் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். அடகு ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள்.

3. படங்களை வெளியிடுவேன் என்று மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தால் மறுமுறை கேட்பான். 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணையும் காவல் நிலையத்தையும் அணுகுங்கள். வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம்தான் மிரட்டுபவனின் முதல். வீட்டில் யாராவது ஒருவரிடம் நீங்களே முந்திச் சொல்லிவிட்டால் அந்த முதலில் பெரும்பகுதி கரைந்துவிடும்.

4. "செத்துருவேன்" என்றால், நீங்கள் போய்க் காப்பாற்ற வேண்டாம். அவன் வீட்டாருக்கும் 112-க்கும் தகவல் சொல்லுங்கள். அது மனிதாபிமானம்; திரும்பிப் போவது சரணாகதி.

5. ஒரே ஊரில் இருந்து அடிக்கடி எதிர்ப்பட நேர்ந்தால், சொல்ல வேண்டியதை முன்கூட்டியே ஒரு வரியாக வைத்துக்கொள்ளுங்கள்: "எனக்குப் பேச விருப்பமில்லை." விளக்கம் வேண்டாம், பழைய கணக்கு வேண்டாம். சில வாரங்களுக்கு ஒரு பேருந்து முன்னால் போங்கள்; நிறுத்தத்தில் தெரிந்தவர் பக்கத்தில் நில்லுங்கள். நீங்கள் ஏன் மாற வேண்டும் என்ற கேள்வி நியாயமானதே. இது தோல்வி அல்ல, மனம் ஆறும்வரை எடுத்துக்கொள்ளும் இடைவெளி.

சட்டத்தில் தெரிந்திருக்க வேண்டியவை சில. விருப்பமில்லை என்று சொன்ன பிறகும் ஒரு பெண்ணைப் பின்தொடர்வதும், அவருடைய இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவின்படி குற்றம். திருமணம் செய்யும் எண்ணமே இல்லாமல் அப்படி வாக்குக் கொடுத்து உடலுறவு கொள்வது 69-ஆம் பிரிவில் வரும்; பத்து ஆண்டு வரை தண்டனை உண்டு. உண்மையாகவே விரும்பிப் பிறகு பிரிந்துபோனது இதில் சேராது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் அடி உதையோடு நிற்பதில்லை. சொல்லால், மனதால், பணத்தால் செய்யும் கொடுமையையும் வன்முறை என்கிறது. திருமணம் போன்ற உறவில் ஒரே வீட்டில் வாழ்ந்த பெண்ணுக்கும் அது பொருந்தும். ஆனால் அவ்வப்போது சந்தித்துக்கொண்ட காதல் அதற்குள் வராது என்று 2010-இல் கோயம்புத்தூர் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் வரையறுத்திருக்கிறது. இங்கிலாந்தில் 2015-ஆம் ஆண்டுச் சட்டம் துணையைத் தொடர்ந்து கட்டுப்படுத்தி ஆட்டிவைப்பதையே தனிக் குற்றமாக்கி, ஐந்தாண்டு வரை சிறை வைத்திருக்கிறது. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100.

கணிப்பை மீட்பது

இப்போது மனதுக்கு வருவோம். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள்: நடந்தது, சொல்லப்பட்டது, எனக்குள் தோன்றியது. நினைவுக்கு வரும் ஒவ்வொரு சம்பவத்தையும் இந்த மூன்றில் எழுதுங்கள்.

நடந்தது: செயினை அடகு வைத்துப் பணத்தைக் கொடுத்தேன். சொல்லப்பட்டது: நீயாத்தான் கொடுத்தாய். எனக்குள் தோன்றியது: கடையில் கையெழுத்துப் போடும்போது தொண்டை அடைத்தது.

இருபது சம்பவம் எழுதிய பிறகு மூன்றாம் பத்தியை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். பெரும்பாலும் ஒன்று புலப்படும். உங்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. உள்ளே ஏதோ ஒன்று சரியாகவே சொல்லியிருக்கிறது. அதை நீங்கள் கேட்கவிடாமல் செய்தார்கள். ஆகவே உங்கள் கணிப்பு கெட்டுப்போகவில்லை, வாயடைக்கப்பட்டிருந்தது. அதற்கு மறுபடி பேசக் கற்றுக்கொடுப்பதே இந்த நோட்டின் வேலை.

மனக்காயங்களை எழுதிப் பார்ப்பதைப் பற்றி அமெரிக்காவின் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980-களிலிருந்து ஆய்வு செய்துவந்தார். அவர் வகுத்த முறையும் எளியது: ஒரு நாளுக்குப் பதினைந்து, இருபது நிமிடம், தொடர்ந்து மூன்று நான்கு நாள். எழுதும்போது நெஞ்சு படபடத்தால் நிறுத்திவிடுங்கள். நோட்டை எரித்துவிட்டுத்தான் நிம்மதி என்று தோன்றினால் எரித்துவிடுங்கள். சான்றாகத் தேவைப்படுபவை வேறு இடத்தில் பத்திரமாக இருக்கின்றன.

அடுத்தது சின்ன முடிவுகள். எந்தப் புடவை, எந்தப் படம், ஞாயிற்றுக்கிழமை எங்கே என்பதைக்கூட வேறொருவரிடம் கேட்டே பழகியிருப்பீர்கள். ஒரு மாதத்துக்குத் தினமும் ஒரு முடிவை யாரையும் கேட்காமல் எடுங்கள். தவறாகப் போனாலும் போகட்டும். தவறிய முடிவைத் தாங்கிக்கொள்ள முடிகிறது என்று தெரிவதும் தைரியத்தில் சேர்ந்ததே.

பயமா, எச்சரிக்கையா

மேலே சொன்ன பெண் பிரிந்து வந்து எட்டு மாதம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கடையில் கூட வேலை பார்க்கும் ஒருவர் ஒரு மழை நாளில் கேட்கிறார்: "பஸ்ஸு கெடச்சுதா?" சாதாரணக் கேள்வி. ஆனால் இவருக்கு வயிற்றைப் பிசைகிறது. கை தானாகப் பயணச்சீட்டைத் தேடுகிறது.

இந்த இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வயிறு பிசைந்ததால் இந்த ஆளும் அப்படித்தான் என்று முடிவு கட்டுவது ஒரு தப்பு. நான்தான் கோளாறு என்று அந்தப் பிசைவை அமுக்குவது இன்னொரு தப்பு. பழைய காயத்தின் பயமும் புதிய ஆளைப் பற்றிய எச்சரிக்கையும் உடம்பில் ஒரே மாதிரிதான் வரும். பிரித்தறிய ஒரு வழி உண்டு: பதில் சொல்லாமல் விட்டுப் பாருங்கள். அக்கறையில் கேட்டவர் மறுநாள் வேறு பேச்சுக்குப் போய்விடுவார். கண்காணிக்கக் கேட்பவர், "ஏன் பதில் சொல்லல?" என்று திரும்பி வருவார். கேள்வியை வைத்து ஆளை எடைபோடாதீர்கள். பதில் கிடைக்காதபோது எப்படி நடந்துகொள்கிறார் என்பதை வைத்து எடைபோடுங்கள்.

தோழியைத் திரும்பக் கூப்பிடுங்கள்

மலையும் மலை சார்ந்த நிலமும் குறிஞ்சி. குறிஞ்சித் திணைப் பாடல்களில் காதலர் இருவர் மட்டும் இருப்பதில்லை, தோழியும் இருக்கிறாள். தலைவன் வந்து நின்றதும் அவள் சேர்த்துவைத்துவிடுவதில்லை. அவனைச் சேட்படுத்துகிறாள்: இன்று போய்ப் பிறகு வா என்கிறாள், கொண்டுவந்த தழையை மறுக்கிறாள், காத்திருக்க வைக்கிறாள். இரவில் வருகிறேன் என்றால் வழியின் ஆபத்தைச் சொல்லித் தடுக்கிறாள். பழக்கம் நீண்டுகொண்டே போனால் வரைவு கடாவுகிறாள், அதாவது எப்போது மணம் பேச வருவாய் என்று முகத்துக்கு நேரே கேட்கிறாள். சங்கப் புலவர்கள் காதலைக் கொண்டாடினார்கள், சோதனையோடுதான் கொண்டாடினார்கள். மயங்கி நிற்பவளின் பக்கத்தில் மயங்காத ஒருத்தி வேண்டும் என்பது நம் மரபுக்கு இரண்டாயிரம் ஆண்டாகத் தெரியும்.

ஆட்டிவைப்பவர்கள் முதலில் வெட்டுவது இந்தத் தோழியைத்தான். ஆகவே முதலில் மீட்க வேண்டியதும் அவளைத்தான். "உன்கிட்டப் பேசாம விட்டது என் தப்பு. நடந்தத சொல்றேன், கேப்பியா?" என்ற இரண்டு வரி போதும். பெரும்பாலான சிநேகிதிகள் இந்த அழைப்புக்காகக் காத்திருப்பவர்களே. ஆண்களுக்கும் இதுவே. ஆணும் இப்படி ஆட்டிவைக்கப்படுவது உண்டு. பங்காளியிடமும் சொல்லக் கூச்சப்பட்டுத் தனியே புழுங்குபவர்கள் பலர். உண்மையைச் சொன்னால் சிரிக்காத ஒரு நண்பரைத் தேடுங்கள்.

அந்த ஒருவரிடம் ஒரு வேலையை ஒப்படையுங்கள்: "அடுத்து யாராவது என் வாழ்க்கைக்குள்ள வந்தா, உனக்குத் தோணுறத மறைக்காம சொல்லு. எனக்குக் கோவம் வந்தாலும் சொல்லு."

அளவாகக் கொடுப்பது

திருக்குறளில் 51-ஆம் அதிகாரம் தெரிந்து தெளிதல். அரசன் தன் ஆட்களைத் தேர்ந்தெடுப்பதற்குச் சொன்னது. அதன் கடைசிக் குறளின் கருத்து நமக்கு அப்படியே பொருந்தும்: ஆராயாமல் ஒருவரை நம்புவதும், ஆராய்ந்து நம்பியவரைச் சந்தேகித்துக்கொண்டே இருப்பதும், இரண்டுமே தீராத துன்பம் தரும். முதல் உறவில் முதல் தப்பு நேர்ந்தது. பயத்தோடு இரண்டாவதுக்குப் போனால் இரண்டாம் தப்பு நேரும். நடுவில் இருக்கும் வழி ஆராய்வது. ஆராய நாள் பிடிக்கும்.

நம்பிக்கையைக் கைக்கடன் போலக் கொடுங்கள். சிறு தொகை கொடுத்து, திரும்பி வருகிறதா பார்த்து, அடுத்ததைக் கூட்டுவது போல:

முதலில் நேரம். சொன்ன நேரத்துக்கு வருகிறாரா? வர முடியாதபோது முன்கூட்டிச் சொல்கிறாரா?

அடுத்து ஒரு சின்ன அந்தரங்கம். வெளியே தெரிந்தாலும் தலை போகாத ஒன்றைச் சொல்லுங்கள். அது வேறு வாயிலிருந்து திரும்பி வருகிறதா, சண்டையில் ஆயுதமாக வருகிறதா என்று பாருங்கள்.

அடுத்து ஒரு "வேண்டாம்". ஞாயிற்றுக்கிழமை வர முடியாது, போட்டோ அனுப்ப மாட்டேன், இப்போது பேச மனமில்லை என்று எதையாவது மறுங்கள். முகம் வாடலாம், அது மனித இயல்பு. மறுத்ததற்குத் தண்டனை வருகிறதா என்பதே கேள்வி. மௌனம், குத்தல், "அப்ப என்மேல நம்பிக்கை இல்லையா?" என்ற கேள்வி ஆகிய மூன்றும் தண்டனைகளே. இந்த ஒரு சோதனையில் தேறாதவரோடு மேற்கொண்டு போக வேண்டாம்.

அடுத்து மன்னிப்பு. தப்பு செய்தால் சுடிதாரோடு வருகிறாரா, மாறிய நடத்தையோடு வருகிறாரா?

பிறகு பணம், அதுவும் கடைசியில். நகை, கடன் கையெழுத்து, ஏடிஎம் ரகசிய எண் இவை திருமணத்துக்கு முன் சோதிக்க வேண்டியவை அல்ல, கொடுக்கக் கூடாதவை. கடவுச்சொல் எந்தக் காலத்திலும் காதலுக்கு அத்தாட்சி ஆகாது.

முதல் சந்திப்புகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சேலத்துக் காதலர்களுக்கு ஏற்காடு பக்கத்து வீடு மாதிரி. போகலாம். ஆனால் அவருடைய வண்டியின் பின்னால் உட்கார்ந்து, காடு சூழ்ந்த குப்பனூர் சாலையில் ஏறுவது முதல் சந்திப்புக்கு ஏற்றதல்ல. ஆள் நடமாட்டம் குறைவான சாலையில் உங்கள் திரும்பும் வழி அவர் கையில் இருக்கும். சேலத்திலிருந்து பேருந்தில் போங்கள். ஏரிக்கரை, அண்ணா பூங்கா போல நாலு பேர் இருக்கும் இடத்தில் பகலில் சந்தியுங்கள். திரும்பி வரும் பேருந்து நேரத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தோழிக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். இந்த ஏற்பாட்டை அவரிடம் மறைக்கவும் வேண்டாம். நல்லவர், "சரி, பஸ்லயே வாங்க" என்பார்.

வீட்டாருக்கு ஒரு பக்கம்

இந்தப் பகுதியை அம்மா, அப்பா, அக்கா யாராவது படிக்கும்படி மேசைமேல் திறந்து வையுங்கள்.

உங்கள் பிள்ளை அடிபட்டு வந்திருக்கிறது. "நாங்க அப்பவே சொன்னோம்ல?" என்ற சொல் உங்களுக்கு ஆறுதலாக இருக்கலாம்; பிள்ளைக்கு அது இரண்டாவது அடி. அடுத்த முறை ஆபத்து வந்தால் உங்களிடம் சொல்லாமல் மறைக்க அது ஒன்றே போதும். கைபேசியைப் பிடுங்கி வைக்காதீர்கள். போகும் இடமெல்லாம் கேட்டுக் குடையாதீர்கள். அவன் செய்த அதே வேலையை நீங்கள் பாசத்தின் பெயரால் செய்வதாக முடியும்.

எல்லாவற்றையும்விட, "ஒரு கல்யாணத்தப் பண்ணி வெச்சாச் சரியாப் போயிரும்" என்று தரகரிடம் ஜாதகத்தைக் கொடுக்காதீர்கள். தன் கணிப்பில் நம்பிக்கையில்லாத பிள்ளை, அரை மணி நேரப் பெண் பார்த்தலில் யாருக்கும் தலையாட்டும். அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வருடமாவது கொடுங்கள். வேலைக்குப் போகட்டும், சம்பாதிக்கட்டும், சிரிக்கட்டும். பிறகு அது காட்டும் ஆளாக இருந்தாலும் நீங்கள் காட்டும் ஆளாக இருந்தாலும், பேசிப் பழக நாள் கொடுங்கள். சொல்ல வேண்டிய சொல் சிறியது: "உன்மேல தப்பு இல்ல கண்ணு. நாங்க இருக்கோம்." இதைச் சொன்ன வீட்டுக்குப் பிள்ளை எந்த நள்ளிரவிலும் திரும்பி வரும்.

எப்போது மருத்துவரிடம் போவது

துக்கம் இயல்பு. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, பழைய காட்சிகள் கண்முன் ஓடுகின்றன, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் உதவி தேவை. சாக வேண்டும் என்ற எண்ணம் ஒரே ஒரு முறை வந்தாலும் இரண்டு வாரம் பார்க்க வேண்டாம், அன்றே பேசுங்கள்.

டெலி மானஸ் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய மனநல உதவி எண் அது. தமிழக அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை உண்டு. சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய சிநேகா அமைப்பு தற்கொலை எண்ணத்தோடு தவிப்பவர்களுக்காகவே இயங்குகிறது, எண் 044-24640050. நேரில் போவதானால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. புறநோயாளி சீட்டு எடுத்து, "மனசு சரியில்ல, டாக்டரைப் பார்க்கணும்" என்றால் போதும். பெண்கள் 181-ஐ அழைத்தால் மாவட்டத்தின் சகி ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழிகாட்டுவார்கள். ஆலோசனை, தங்குமிடம், சட்ட உதவி, மருத்துவம் எல்லாவற்றுக்கும் அங்கே ஒரே இடத்தில் ஏற்பாடு செய்கிறார்கள். பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு 1098.

கடைசியாக உங்களிடம்

மறுபடி நம்பலாமா என்று இன்றே முடிவு செய்ய வேண்டியதில்லை. இன்று செய்யக்கூடியவை மூன்று: கடவுச்சொல்லை மாற்றுங்கள், நோட்டில் ஒரு சம்பவத்தை எழுதுங்கள், விட்டுப்போன சிநேகிதியைக் கூப்பிடுங்கள். மூன்றும் சேர்ந்து ஒரு மணி நேரம் பிடிக்காது. மற்றதைச் சில மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். "வேண்டாம்" என்று நீங்கள் சொன்னதும் அமைதியாக ஏற்றுக்கொள்ளும் ஒருவர் என்றைக்காவது எதிரே நிற்கலாம். அன்றைக்கு அவரை அடையாளம் தெரிந்துகொள்ள உங்களால் முடியும். அதுவரை யாருக்காகவும் அவசரப்படாதீர்கள்.